கதை வாசிப்பவர் காதில் ஹெட்போன் எதற்கு?

பார்வையற்ற மாணவர்களுக்காகச் சிறுகதைகளையும் பாடநூல்களையும் வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் பணியில் எங்களில் சிலர் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறோம். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு நண்பரின் வீட்டு மாடியறை, சுவரெங்கும் பழைய மெத்தைகளும் போர்வைகளும், ஒரு மைக், ஒரு கணினி. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை அங்கே பதிவு செய்து அனுப்பியிருந்தோம். வாசித்தவர் எங்களுள் மிகச் சிறந்த குரல்வளம் உடையவர். முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். “சார், வாய்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அந்தம்மா செத்துட்டாங்கங்கிறதே பாதிக் கதை போன பெறகுதான் எனக்குப் புரிஞ்சுது.”

கதையைப் படித்தவர்களுக்கு இதன் விபரீதம் உடனே விளங்கும். செல்லம்மாளின் மரணத்தைக் கதையின் வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் புதுமைப்பித்தன் பின்னோக்கிச் செல்கிறார். அந்த மரணம் முதலிலேயே தெரிந்திருப்பதால்தான் பிரமநாயகம் பிள்ளையின் ஒவ்வொரு செய்கைக்கும் கனம் கூடுகிறது. அது தெரியாமல் கேட்பவர் வேறொரு கதையைக் கேட்கிறார்.

பதிவை மீண்டும் போட்டுக் கேட்டோம். ஹெட்போனில் கேட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை. கனத்த, துக்கம் தோய்ந்த குரல். மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. பிறகு அந்த மாணவர் விடுதியில் கேட்டதுபோல், தலைக்கு மேலே மின்விசிறி ஓட, கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டோம். முதல் வாக்கியத்தின் வினைமுற்றைக் காணவில்லை. வாசித்தவர் குரலைத் தணித்துத் தணித்துக் கடைசிச் சொல்லை ஏறக்குறைய மூச்சாகவே விட்டிருந்தார். யாரைப் பற்றிய வாக்கியம் என்பது தெரிகிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை.

ஏன் இப்படி வாசித்தீர்கள் என்று நண்பரைக் கேட்டோம். “எனக்கு நல்லாத்தானே கேட்டுது?” என்றார். உண்மைதான். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். பதிவு முடியும்வரை அவர் காதில் ஹெட்போன் இருந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து எங்களுக்குள் எழுந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஹெட்போன் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வது தொழில் தெரியாதவர்களின் வேலை என்கிறார்கள் சில நண்பர்கள். இன்று ஒலிநூல்கள் பெருகிவிட்ட நிலையில் இது எங்கள் மாடியறையோடு முடிகிற விஷயமும் அன்று. ஆகவே எங்கள் தரப்பைக் கறாராகவே சொல்லிவிடுகிறோம். இலக்கியத்தை வாசித்துப் பதிவு செய்பவர், வாசிக்கும் நேரத்தில், காதில் ஹெட்போன் அணியக் கூடாது. சரிபார்க்கும்போது அணியட்டும், வாசிக்கும்போது கழற்றி வைக்கட்டும்.

முதலில் இதன் இயற்பியலைப் பார்த்துவிடுவோம். நம் குரல் நமக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, வாயிலிருந்து காற்றின் வழியாகக் காதுக்கு. மற்றொன்று, தொண்டையின் அதிர்வு எலும்புகளின் வழியாக உட்செவிக்கு. இரண்டாவது வழியில் கீழ்ச்சுருதி ஒலிகள் மிகுதியாக வருகின்றன. பதிவு செய்த நம் குரலை முதன்முறை கேட்கும்போது ‘இது நானா?’ என்று கூசுவதற்குக் காரணம், பதிவில் இந்த எலும்பு வழி இல்லாததுதான். இரு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு பேசிப் பாருங்கள். குரல் தலைக்குள் முழங்கும். காதை மூடும் ஹெட்போன் முதல் வேலையாக இதைச் செய்கிறது. அடுத்ததாக, மைக்கில் பதிவாகும் குரலை அது காதுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறது. ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலி வாங்கும் மைக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வாயை அருகில் கொண்டுபோகப் போகக் கீழ்ச்சுருதி பெருகும். சாதாரணக் குரலும் கம்பீரமாகிவிடும். மூன்றும் சேர்ந்தால் எவருக்குத்தான் மயக்கம் வராது? நாற்பது வயதில் முதன்முறையாகத் தன் குரல் இவ்வளவு அழகா என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். அன்றிலிருந்து அவர் கதை வாசிப்பதில்லை; தன் குரலை வாசிக்கிறார்.

மயக்கம் ஒருபுறமிருக்க, தன்னிச்சையாக நிகழும் ஒன்று உண்டு. சத்தமான இடத்தில் நாம் அறியாமலே உரக்கப் பேசுகிறோம். இதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விவரித்தார்; அவர் பெயராலேயே இது இன்றும் அறியப்படுகிறது. இதன் மறுபக்கம் தொலைபேசிப் பொறியாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். பேசுபவரின் குரலை அவர் காதுக்கே கூட்டிக் கொடுத்தால் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஹெட்போன் அணிந்து வாசிப்பவருக்கு நேர்வது இதுவே. ‘போதும், கேட்கிறது’ என்று காது சொல்கிறது, குரல் இறங்குகிறது. ஆனால் கேட்பது யாருக்கு?

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். வாக்கியத்தின் வால் தேய்ந்தாலும் யார் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நடந்ததா நடக்கப்போவதா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கின்றன. நடந்ததா நடக்கவில்லையா என்பதுகூட அங்கேதான் தெரியும். ‘கொடுத்தான்’, ‘கொடுத்தாள்’, ‘கொடுக்கவில்லை’ ஆகியவற்றின் வேறுபாடு வாக்கியத்தின் கடைசி அரை நொடியில் இருக்கிறது. ஹெட்போன் அணிந்தவர் குரலைத் தணிப்பதும் அதே அரை நொடியில்தான். உணர்ச்சி ததும்ப வாசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது இலக்கணம் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

நம் கதைசொல்லிகளின் வாக்கியங்களை நினைத்துப் பாருங்கள். மௌனியின் வாக்கியம் தயங்கித் தயங்கி நீண்டு, எங்கோ ஓரிடத்தில் வினைமுற்றில் கால் ஊன்றும். அந்தக் கால் ஊன்றல் கேட்காவிட்டால் முழு வாக்கியமும் புகையாகிவிடும். அசோகமித்திரனிடம் உணர்ச்சி எதுவும் மேலே மிதப்பதில்லை. தட்டையான கூற்று வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்தத் தட்டைத்தன்மையை வாசிப்பவரால் தாங்கிக்கொள்ள முடியாமல் போவதற்கு ஹெட்போனே காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். காதுக்குள் தன் குரல் அவ்வளவு நெருக்கமாகக் கேட்கும்போது, உணர்ச்சியின்றி வாசிப்பது வெறுமையாகத் தோன்றுகிறது. எதையாவது ‘செய்ய’ வேண்டும்போல் கை துறுதுறுக்கிறது. ஒரு பெருமூச்சு, ஒரு நடுக்கம், ஒரு புன்னகை சேர்கிறது. ஆசிரியர் எழுத மறுத்ததையெல்லாம் வாசிப்பவர் எழுதி நிரப்புகிறார்.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையில் சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வரும் காதர் புலித்தலையை மாட்டிக்கொண்டு அந்த அறையிலேயே புலியாகிவிடுகிறான். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நடுங்குகிறார்கள். அந்த அறையின் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்ததாகவும், பாயும்போதெல்லாம் காதர் தன் பாய்ச்சலை அதில் பார்த்துத் திருத்திக்கொண்டதாகவும் வைத்துக்கொள்வோம். புலி எங்கே இருந்திருக்கும்? புலிவேடக்காரன் மட்டும் மிஞ்சியிருப்பான். வாசிப்பவர் காதிலிருக்கும் ஹெட்போன் அந்தக் கண்ணாடி.

இன்னொரு சேதமும் உண்டு. அதை நாங்கள் நேரிலேயே கண்டோம். கோவில்பட்டிப் பக்கத்துத் தோழி ஒருவர் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை வாசிக்க முன்வந்தார். கதவில் ஏறி விளையாடும் குழந்தைகள், தீர்வை பாக்கிக்காகக் கழற்றிச் செல்லப்படும் கதவு. கரிசல் மண்ணின் பேச்சு தெரிந்தவர் வாசித்தால்தான் அந்தக் கதை தன் முகத்தோடு வரும். ஒத்திகையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தபோது அப்படியே வந்தது. ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தொடங்கியதும் அவர் செய்தி வாசிப்பாளராகிவிட்டார். இழுவை போயிற்று, ஏற்ற இறக்கம் போயிற்று. ஒவ்வோர் எழுத்தும் இஸ்திரி போட்டதுபோல் வந்தது. ஏன் என்று கேட்டோம். “காதுல கேக்கும்போது எம் பேச்சு எனக்கே பட்டிக்காடா இருந்துச்சு” என்றார். நம்முடைய பேச்சைப் பற்றி நமக்குள் ஊட்டப்பட்டிருக்கும் வெட்கம் எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்தது. ஹெட்போன் அந்த வெட்கத்தைக் காதோரம் உட்கார்த்தி வைத்துவிடுகிறது. வட்டார வழக்கை எழுத்துக்குக் கொண்டுவர ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் போராடியிருக்கிறார்கள். அதை ஒலிக்குக் கொண்டுவரும் இடத்தில் ஒரு கருவியிடம் தோற்றுவிட வேண்டுமா?

எதிர்த் தரப்பு நண்பர்களின் வாதங்களுக்கு வருவோம். அவை அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல.

முதல் வாதம்: ஹெட்போன் இல்லாவிட்டால் பிழைகள் தெரியாது. ‘ப’ என்று சொல்லும்போது மூச்சுக் காற்று மைக்கில் மோதுவது, நாற்காலி முனகுவது, தாள் புரளுவது, தெருவில் போகும் ஆட்டோவின் சத்தம் எல்லாம் பதிவில் ஏறிவிடும். உண்மை. ஆனால் இவற்றைக் கவனிப்பது வாசிப்பவரின் வேலையா? ஒலிப்பதிவாளர் என்று ஒருவர் இருந்தால் அது அவர் வேலை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொள்ளட்டும். வானொலி நாடகங்களில் நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசினார்கள். ஒலியின் அளவைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் பார்த்துக்கொண்டார். தனியாகவே பதிவு செய்பவர் என்றால், முதலில் ஒரு பத்தியை வாசித்து, ஹெட்போனில் கேட்டு, மைக்கின் தூரத்தையும் கோணத்தையும் சரிசெய்துவிட்டுக் கழற்றி வைக்கலாம். ஒவ்வொரு சில பக்கங்களுக்கும் நிறுத்திக் கேட்டுப் பிழையான இடத்தை மீண்டும் வாசிக்கலாம். நேரம் கூடுதலாகும்தான். எழுதும்போதே மெய்ப்புப் பார்த்தால் எழுத்தும் நடக்காது, மெய்ப்பும் நடக்காது என்பது எழுதுகிற அனைவருக்கும் தெரிந்ததுதானே?

பிழையைப் பிடிக்கும் ஹெட்போன் தானே பிழையை உண்டாக்குவதையும் சொல்ல வேண்டும். சத்தம் கூடுதலாக வைத்தால் அதிலிருந்து கசியும் ஒலி மைக்கில் மீண்டும் ஏறும். கணினி வழியாகத் தன் குரலைக் கேட்பவர்களுக்குத் தாமதம் என்றொரு தொல்லையும் உண்டு. நொடிக்கு 44,100 என்ற வழக்கமான கணக்கில் ஒலியைத் துணுக்குகளாக்கும் கணினி அவற்றை 512, 512ஆகச் சேர்த்து அனுப்பினால், ஒரு தவணைக்குச் சுமார் 12 மில்லிநொடி ஆகிறது; போக வர அது இரட்டிக்கும். தன் குரலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகக் கேட்பவர்கள் திக்கித் திணறுவார்கள் என்பதைப் பெர்னார்ட் லீ 1950இல் காட்டினார். நம் கணினிகளின் தாமதம் அவ்வளவு பெரிதில்லை, வாய் குழறாது. ஆயினும் எலும்பு வழியே உடனே வரும் குரலும் சற்றுப் பிந்தி வரும் குரலும் கலந்து காதில் விழுவது நம் குரலாகவும் இல்லாமல் பதிவின் குரலாகவும் இல்லாமல் போகிறது. எதைச் சரிபார்ப்பதற்காக அணிந்தோமோ அதையே அது பொய்யாக்குகிறது.

இரண்டாவது வாதம்: டப்பிங் கலைஞர்கள் எல்லோரும் அணிகிறார்களே? அணியத்தான் வேண்டும். கன்னட ஹரிச்சந்திரா படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஏவி. மெய்யப்பன் 1944இல் வெளியிட்ட காலம் முதல், டப்பிங் என்பது திரையில் அசையும் இன்னொருவரின் உதட்டுக்குத் தன் குரலைப் பொருத்தும் வேலை. படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கைக் கேட்காமல் அதை எப்படிச் செய்வது? ஆனால் கவனியுங்கள்: அங்கே ஹெட்போனில் முதன்மையாகக் கேட்பது மற்றவரின் குரல். அவரது மூச்சை, தயக்கத்தை, வேகத்தை டப்பிங் கலைஞர் பின்தொடர்கிறார். கதை வாசிப்பவருக்கு ஹெட்போனில் வருவது அவருடைய குரல் மட்டுமே. கருவி ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது வாதத்தைச் சொன்னவர் நாட்டார் கலைகளை நன்கறிந்த நண்பர். நம் பாடகர்கள் பாடும்போது உள்ளங்கையைக் காதோரம் வைத்துக்கொள்வதில்லையா? அதுவே நம் ஹெட்போன் அல்லவா? அழகான கேள்வி. அவர்கள் கையை வைப்பது திறந்தவெளியில், மேளமும் தாளமும் கூட்டத்தின் ஆரவாரமும் சூழ்ந்த இடத்தில். தன் சுருதி தனக்கே கேட்காமல் போகும் இடம் அது. அங்கும் ஒரு காதையே கை தொடுகிறது. மறுகாது மேளத்துக்கும் சனங்களுக்கும் திறந்திருக்கிறது. போர்வை தொங்கும் நிசப்த அறையில் எந்த ஆரவாரத்தை மீறித் தன் குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது?

இந்தக் கேள்வி எங்களை வேறோர் இடத்துக்கு இட்டுச் செல்கிறது. தமிழ்நாட்டில் கதையை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது புதிதன்று. திண்ணையில் பெரிய எழுத்துப் புத்தகங்களிலிருந்து அல்லி அரசாணி மாலையை ஒருவர் ராகம் போட்டு வாசிக்கத் தெருவே கேட்டிருக்கிறது. தேநீர்க் கடைகளில் தினத்தந்தியை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்களும் உலகச் செய்தி தெரிந்துகொண்டார்கள். அந்த வாசகர்கள் எவருக்கும் குரற்பயிற்சி கிடையாது. ஆனால் எதிரே முகங்கள் இருந்தன. ஒருவர் கண்ணயர்ந்தால் குரல் உயரும். ஒரு கிழவி ‘என்ன சொன்னே?’ என்றால் வரி மீண்டும் வரும். வாசிப்பு எந்த இடத்தில் உரக்க வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதைக் கேட்பவர்களே தீர்மானித்தார்கள்.

ஒலிப்பதிவு அறையில் அந்த முகங்கள் இல்லை. அந்த வெற்றிடத்தை வாசிப்பவர் கற்பனையால் நிரப்ப வேண்டும்: இதோ எதிரே ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொல்கிறேன் என்று. ஹெட்போன் அந்த நாற்காலியில் வாசிப்பவரையே உட்கார்த்திவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு பதிவுகள் அந்தரங்கமாகவும் அழகாகவும் இருந்தும் நம்மிடம் பேசுவதாக இருப்பதில்லை. அவை தமக்குத் தாமே பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

கண்ணால் படிக்கும் வாசகருக்கு இது பெரிய இழப்பு ஆகாது. பதிவு பிடிக்காவிட்டால் அவர் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார். புதுமைப்பித்தனுக்கும் அவருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. எங்கள் மாணவருக்கு அப்படியல்ல. அவருக்கு எங்கள் குரலே அச்சு. அதில் ஒரு வினைமுற்று விழுந்தால் புத்தகத்திலேயே விழுந்ததாகத்தான் பொருள். அவர் அந்தக் கதையைப் பற்றித் தேர்வெழுதப் போகிறார், கட்டுரை எழுதப் போகிறார், நண்பர்களோடு வாதிடப் போகிறார். எங்களுடைய பெருமூச்சுகளைப் புதுமைப்பித்தனுடையவை என்று அவர் எண்ணிக்கொண்டால் அந்தப் பிழைக்கு யார் பொறுப்பு?

ஆகவே இப்போது எங்கள் அறையில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். தொடங்குமுன் முந்தைய நாள் பதிவின் கடைசிப் பத்தியை ஹெட்போனில் கேட்டுக் குரலின் நிலையை நினைவுபடுத்திக்கொள்கிறோம். பிறகு அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. வாசிப்பவருக்கு எதிரே ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கையில் புத்தகம் இல்லாமல், கேட்பதற்கு மட்டும். முடித்த பதிவை மின்விசிறியைச் சுழலவிட்டுக் கைப்பேசியில் கேட்கிறோம். எல்லா வினைமுற்றுகளும் வந்து சேர்ந்தால் அனுப்புகிறோம். ஒலிநூல் வெளியிடும் பதிப்பாளர்களும் குரல் தேர்வின்போது ஒரு முறையேனும் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்று வேண்டுகிறோம்.

‘செல்லம்மா’ளையும் அதே நண்பரை வைத்தே மீண்டும் பதிவு செய்தோம். வெறுங்காதோடு வாசிப்பது அவருக்குச் சிரமமாகவே இருந்தது. முதல் நாள் இரண்டு பக்கம்கூட நகரவில்லை. பதிவை அனுப்பிய மறுவாரம் மாணவரிடமிருந்து அழைப்பு வந்தது. பிரமநாயகம் பிள்ளைக்குச் செல்லம்மாள் மேல் இருந்தது பிரியமா, பழக்கமா என்று அரை மணிநேரம் எங்களோடு சண்டை போட்டார். வாசித்த குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நண்பருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.